மலையோடு இயைந்த மனை

உரைநடை உலகம்

நுழையும்முன்

உண்பதற்கு உணவும் உடுப்பதற்கு உடையும் போல, உறைவதற்கு ஓர் இடமும் மனிதனின் அடிப்படைத் தேவையாகும். சமவெளியில் வீடு கட்டுவோர் நிலத்தைப் பற்றி மிகுதியாக எண்ணுவதில்லை. மலைச்சரிவில் வீடு கட்ட முனைவோர் நிலத்தையே முதலில் எண்ண வேண்டியவராகின்றனர். சரிவில் நிற்கும் வீடு மண்ணையும் மழைநீரையும் வெயிலையும் ஒருங்கே எதிர்கொள்கிறது. அவற்றோடு இயைந்து நிற்பது எவ்வாறு, இயையாவிடில் நேர்வது யாது என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

பாலை எவ்வாறு தோன்றுகிறது?

பண்டைத் தமிழர் நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் எனப் பகுத்தனர். பாலைக்கெனத் தனி நிலம் வகுக்கவில்லை. குறிஞ்சியும் முல்லையும் வெம்மையால் தம் இயல்பு திரியும்போது பாலை என்னும் வடிவம் கொள்கின்றன என்பது சிலப்பதிகாரம் காட்டும் கருத்து. மணற்பரப்பு மட்டுமே பாலையாகும் என்று நம் முன்னோர் கருதவில்லை. நீரையும் மண்ணையும் பசுமையையும் இழந்த எந்நிலமும் பாலையே என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

மலைச்சரிவு பாலையாவதற்கு நெடுங்காலம் வேண்டுவதில்லை. மரங்கள் வீழ்த்தப்பட்டால் வேர்கள் அழிகின்றன. வேர்கள் அழிந்தால் மண் தளர்கிறது. தளர்ந்த மேல்மண்ணை மழைநீர் அடித்துச் செல்கிறது. எஞ்சுவது வெறும் பாறை. அப்பாறையில் பெய்யும் மழை உள்ளிறங்காமல் ஓடி மறைகிறது. ஊற்றுகள் வற்றுகின்றன. இவ்வகையில், முறையின்றி வெட்டப்படும் ஒவ்வொரு மனையும் குறிஞ்சியைப் பாலையாக்கும் ஒரு சிறு தொடக்கமாகிறது. சரிவு நிலத்தில் வீட்டை வடிவமைத்தல் என்பது வெறும் அழகுக்கலை அன்று. நிலத்தைக் காக்கும் அறிவியலும் ஆகும்.

கல்வராயன் மலை

விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு, 2019ஆம் ஆண்டு நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி மாவட்டம் செயற்படத் தொடங்கியது. இம்மாவட்டத்தின் மேற்கெல்லையாக எழுந்து நிற்பது கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான இது சேலம் மாவட்டத்திலும் பரவியுள்ளது. ஏறத்தாழ 1,095 சதுர கிலோமீட்டர் பரப்புடைய இம்மலை, சவ்வாது மலை, சேர்வராயன் மலை, பச்சைமலை ஆகியவற்றோடு சேர்ந்து, தெற்கே காவிரிப் படுகையையும் வடக்கே பாலாற்றுப் படுகையையும் பிரிக்கிறது. கோமுகி ஆறும் மணிமுத்தாறும் இம்மலையின் நீரைச் சமவெளிக்குக் கொண்டுவருகின்றன. மலையில் ஓரிடத்தில் மண் சரிந்தால் அம்மண் ஓடைவழியே இறங்கி, அடிவாரத்து ஏரிகளையும் அணைகளையும் தூர்க்கும். மலைமேல் கட்டப்படும் வீட்டுக்கும் சமவெளியில் விளையும் நெல்லுக்கும் உள்ள உறவு இதுவாகும்.

கல்வராயன் மலையின் தாழ்ந்த சரிவுகளில், ஏறத்தாழ 400 மீட்டர் உயரம்வரை, முட்புதர்க் காடுகளே மிகுதி. அதற்குமேல் இலையுதிர் காடுகளும், உயர்ந்த மேட்டுநிலங்களில் ஆங்காங்கே சிறு சோலைகளும் உள்ளன. தாழ்சரிவுகளில் கோடையில் நீர் அரிது. மண்ணின் கனமும் குறைவு. மழைக்காலத்திலோ சில மணி நேரத்தில் பெருமழை கொட்டுகிறது. நீரின்மை, திடீர்ப் பெருவெள்ளம் ஆகிய இரண்டு துன்பங்களும் ஒரே நிலத்தில் நிகழ்வதே இதன் இயல்பு. இங்கு வாழும் மலையாளி என்னும் பழங்குடி மக்கள், மூங்கில் தட்டிமேல் மண் பூசிய சுவரும் புல்வேய்ந்த கூரையும் கொண்ட வீடுகளை வழிவழியாக அமைத்து வந்தனர். எடை குறைந்த அவ்வீடுகள் மலையை ஆழமாக வெட்டவில்லை. இன்று செங்கல்லும் சிமெண்டும் கம்பியும் மலையேறிவிட்டன. உறுதியான வீட்டில் வாழும் விருப்பம் எல்லார்க்கும் உரியது. ஆகவே, புதிய பொருள்களைத் துறப்பது தீர்வாகாது. புதிய பொருள்களைக்கொண்டு நிலத்துக்கு ஏற்பக் கட்டுவது எவ்வாறு என்பதே வினா.

நிலத்தைப் படித்தல்

வரைபடத்தைத் தாளில் வரைவதற்கு முன்பு நிலத்தைப் படிக்க வேண்டும். கட்டடக்கலையில் இது புதிய கருத்தன்று. மனை வகுக்கும் முறையை நெடுநல்வாடை விரித்துரைக்கிறது. நண்பகலில் நட்ட கோல்களின் நிழலைக்கொண்டு திசையை நுட்பமாக அறிந்து, கயிற்றால் அளந்து, நூலறிந்தோர் அரண்மனை வகுத்தனர் என்பது அதில் காணப்படும் செய்தி. திசையை அறிந்த பின்னரே அவர்கள் சுவரை எண்ணினர்.

சரிவு நிலத்தில் திசையோடு மற்றொன்றையும் அறிய வேண்டும். அது நிலத்தின் சாய்வு. ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைத்து வரையும் கோடு சமவுயரக் கோடு எனப்படும். கோடுகள் நெருங்கியிருந்தால் சரிவு கடுமையானது, விலகியிருந்தால் மென்மையானது. சாய்வை அளக்க விலைமிகுந்த கருவி வேண்டுவதில்லை. கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் ஒளிபுகும் நீர்க்குழாயே போதும். 5 மீட்டர் இடைவெளியில் மேலும் கீழுமாக இரு கோல்களை நட்டு, காற்றுக்குமிழி இல்லாமல் நீர் நிரப்பிய குழாயின் இரு முனைகளையும் அவற்றில் பிடித்தால், இரண்டிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். மேற்கோலில் தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்திலும் கீழ்க்கோலில் 130 சென்டிமீட்டர் உயரத்திலும் நீர்மட்டம் இருந்தால், 5 மீட்டரில் நிலம் 1 மீட்டர் இறங்குகிறது என்பது பொருள். இதனை ‘ஐந்துக்கு ஒன்று’ சரிவு என்பர்.

இவற்றோடு, மழைக்காலத்தில் நீர் எவ்வழியே வருகிறது, பாறை எவ்வளவு ஆழத்தில் உள்ளது, சாய்ந்து வளர்ந்த மரங்கள் உள்ளனவா என்பனவற்றையும் நோக்க வேண்டும். மரத்தின் அடிப்பகுதி வளைந்திருத்தல், அங்குள்ள மண் மெல்ல மெல்ல நகர்ந்து வருவதற்கு ஓர் அடையாளமாக இருக்கலாம். ஓடைத்தடம் கோடையில் வறண்டு கிடப்பதைக் கண்டு அதனை வெற்றிடம் எனக் கருதுவது பெரும்பிழை. ஓடை தன் வழியை மறப்பதில்லை.

வெட்டுவதா, இயைவதா?

சரிவு நிலத்தைக் கண்டதும் பலரும் செய்வது பொக்லைன் இயந்திரத்தைக் கொண்டுவந்து நிலத்தைச் சமப்படுத்துவதாகும். மேற்பகுதியை வெட்டி, அம்மண்ணைக் கீழ்ப்பகுதியில் கொட்டி நிரவுகின்றனர். பார்வைக்குச் சமவெளி போலத் தோன்றும் அம்மனை உண்மையில் இருவேறு நிலங்களின் சேர்க்கை. வெட்டிய பகுதியில் உள்ள மண் பல்லாண்டுகளாக இறுகியது. கொட்டிய பகுதியில் உள்ள மண் நேற்று வந்தது. இரண்டின்மேலும் ஒரே வீடு நின்றால், கொட்டிய மண் அமுங்கும். வெட்டிய மண் அமுங்காது. வீட்டின் ஒரு பாதி இறங்க, மறு பாதி நிற்க, நடுச்சுவர் விரிகிறது.

வெட்டும் அளவைக் குறைப்பதற்கு எளிய கணக்கே துணைசெய்கிறது. 12 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் உள்ள ஒரு வீட்டை ஐந்துக்கு ஒன்று சரிவில், கொட்டிய மண்மேல் நிற்காதவாறு முழுவதும் வெட்டிய தளத்தில் அமைப்பதாகக் கொள்வோம். வீட்டின் நீளம் சரிவின் திசையில் இருந்தால், 12 மீட்டரில் நிலம் 2.4 மீட்டர் இறங்கும். சமதளம் அமைக்க வெட்ட வேண்டிய மண் 86.4 கனமீட்டர். அதே வீட்டைத் திருப்பி, நீளம் சமவுயரக் கோட்டின் வழியே அமையுமாறு செய்தால், 6 மீட்டரில் நிலம் 1.2 மீட்டர் மட்டுமே இறங்கும். அப்போது வெட்டும் மண் 43.2 கனமீட்டர். மேலும், அகலத்தை மூன்று மூன்று மீட்டராகப் பிரித்து, 60 சென்டிமீட்டர் உயர வேறுபாட்டில் இரு தளங்களாக அமைத்தால் 21.6 கனமீட்டர் வெட்டினாலே போதும். வீட்டின் பரப்பு சிறிதும் குறையவில்லை. வெட்டும் மண் மட்டும் நான்கில் ஒரு பங்காகிவிட்டது.

தெரிந்து தெளிவோம்

வெட்டப்படும் மண்ணின் குறுக்குவெட்டு ஒரு செங்கோண முக்கோணம். அதன் பரப்பு (½ × அடிப்பக்கம் × உயரம்) வீட்டின் மறுபக்க நீளத்தால் பெருக்கப்படும்போது மண்ணின் கன அளவு கிடைக்கும்.
நீளம் சரிவின் திசையில்: ½ × 12 × 2.4 × 6 = 86.4 கனமீட்டர்
நீளம் சமவுயரக் கோட்டின் வழியே: ½ × 6 × 1.2 × 12 = 43.2 கனமீட்டர்
இரு படித்தளங்கள்: 2 × (½ × 3 × 0.6 × 12) = 21.6 கனமீட்டர்

நீரின் விசை

வெட்டிய மண்சுவர் சரியாமல் காக்கத் தாங்குசுவர் எழுப்புகின்றனர். தாங்குசுவர் மண்ணை மட்டும் தாங்கினால் போதாது. அதன் பின்னே தேங்கும் நீரையும் தாங்க வேண்டும். 1 மீட்டர் உயரத்துக்கு நீர் தேங்கினால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் ஏறத்தாழ அரை டன் எடைக்கு நிகரான விசை தாக்கும். 2 மீட்டர் உயரத்துக்குத் தேங்கினால் அது 2 டன் ஆகும். உயரம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகிறது. ஓர் உயர்ந்த சுவரைவிட, இடைவெளிவிட்டு எழுப்பிய இரு தாழ்ந்த சுவர்கள் பாதுகாப்பானவை என்பதற்கு இதுவே காரணம்.

நீரைத் தேங்கவிடாமல் வெளியேற்றுவது அதனினும் சிறந்தது. கருங்கற்களைச் சாந்தின்றி அடுக்கிய பழைய சுவர்களில் நீர் இடுக்குகள் வழியே கசிந்து வெளியேறும். கான்கிரீட் சுவர் எழுப்புவோர், அதன் பின்புறம் சரளைக்கல் நிரப்பி, சுவரில் நீர்க்கசிவுத் துளைகள் விட வேண்டும். துளையை அழகுக்காக அடைத்துவிடும் வீட்டார், அறியாமலேயே மலையின் நீரைத் தம் சுவருக்குப் பின்னே சேமிக்கின்றனர்.

இதன் இன்றியமையாமையை அண்மைக்கால நிகழ்வொன்று துயரத்தோடு உணர்த்தியது. 2024ஆம் ஆண்டு டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் கொணர்ந்த பெருமழையின்போது, கள்ளக்குறிச்சிக்கு அண்மையில் உள்ள திருவண்ணாமலையில், மலைச்சரிவில் அமைந்த வ.உ.சி. நகர்ப் பகுதியில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடின. குழந்தைகள் ஐவர் உட்பட எழுவர் உயிரிழந்தனர். ஒரு வீட்டார் தம் மனைக்குள் எவ்வளவு கவனமாகக் கட்டினாலும், மேலே உள்ள சரிவின் நிலையும் அவர்களுடைய உயிரைத் தீர்மானிக்கிறது. சரிவில் எவரும் தனித்து வாழ்வதில்லை. மேல்வீட்டாரின் வடிகால் கீழ்வீட்டாரின் முற்றத்தில் முடிகிறது. கடுமையான சரிவுகளிலும் ஓடைத்தடங்களிலும் உருண்டுவிழும் பாறைகளுக்குக் கீழும் வீடு கட்டாமலிருப்பதே தக்க வடிவமைப்பு. இடம் தெரிவு செய்வதில் நேரும் பிழையைக் கம்பியாலும் சிமெண்டாலும் முழுமையாகத் திருத்த இயலாது.

சரிவைக் காத்த கலைஞர்

சரிவு நிலத்தை மாற்றாமல் வீடு அமைக்கலாம் என்பதைச் செய்துகாட்டியவர் லாரி பேக்கர். 1917ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பிறந்த இவர், 1945இல் தொழுநோயாளர்க்கான மருத்துவ இல்லங்களை அமைக்கும் பணிக்காக இந்தியா வந்தார். இமயமலைப் பகுதியிலுள்ள பித்தோராகரில் பல்லாண்டுகள் வாழ்ந்து, அங்குள்ள எளிய மக்கள் கல்லும் மண்ணும் மரமும் கொண்டு மலைச்சரிவில் கட்டிய வீடுகளைக் கூர்ந்து கற்றார். ஒரு வீட்டுக்கு வேண்டும் பொருள்கள் அவ்விடத்துக்கு ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைப்பனவாக இருக்க வேண்டும் என்னும் காந்தியடிகளின் கருத்து அவரை வழிநடத்தியது.

பின்னர்க் கேரளத்தில் குடியேறிய பேக்கர், திருவனந்தபுரத்தின் நாலாஞ்சிறைப் பகுதியில் பாறைகள் நிறைந்த ஒரு குன்றின் சரிவில் தம் இல்லத்தை அமைத்தார். குன்றைச் சமப்படுத்தி ஒரே பெரிய கட்டடம் எழுப்பாமல், சிறு சிறு பகுதிகளாகச் சரிவோடு ஒட்டி வளரவிட்டார். இடிக்கப்பட்ட வீடுகளின் பழைய மரப்பொருள்கள் அங்கே மீண்டும் பயன் பெற்றன. சமவுயரக் கோட்டின் வழியே வீட்டைக் கிடத்தினால் மண்வெட்டும் செலவு குறையும் என்பதைத் தாமே வரைந்த எளிய படங்கள் மூலம் பொதுமக்களுக்கு விளக்கினார். 1990இல் பத்மஸ்ரீ விருது பெற்ற இவர், 2007இல் மறைந்தார். செலவைக் குறைப்பதும் இயற்கையைக் காப்பதும் வெவ்வேறு செயல்கள் அல்ல என்பதை அவருடைய கட்டடங்கள் இன்றும் உணர்த்தி நிற்கின்றன.

வெயிலும் காற்றும்

கள்ளக்குறிச்சிப் பகுதி ஏறத்தாழ 11.7 பாகை வட அட்சத்தில் அமைந்துள்ளது. இங்கு டிசம்பர் இறுதியில் நண்பகல் ஞாயிறு தென்வானில் 55 பாகை உயரத்தில் நிற்கும். ஜூன் இறுதியில் வடவானில் 78 பாகை உயரத்தில் நிற்கும். ஏப்ரல் 20, ஆகஸ்டு 22 ஆகிய நாள்களை ஒட்டி நேர் உச்சியில் நிற்கும். எனவே நண்பகலில் மிகுதியான வெப்பத்தைப் பெறுவது கூரை. காலையிலும் மாலையிலும் தாழ்ந்துவரும் வெயிலைப் பெறுவன கிழக்கு, மேற்குச் சுவர்கள். வடக்கு, தெற்குச் சுவர்களைச் சிறு வெயில்மறைப்பே பெரும்பாலும் காத்துவிடும். ஆகவே நெடுஞ்சுவர்கள் வடக்கும் தெற்கும் நோக்கி அமைவது நம் நிலத்துக்கு ஏற்றது.

தெற்கு அல்லது வடக்கு நோக்கிய சரிவில் இவ்விதியும் சமவுயரக் கோட்டு விதியும் ஒன்றுபடும். மேற்கு நோக்கிய சரிவிலோ இரண்டும் முரண்படும். அங்குச் சமவுயரக் கோட்டைப் பின்பற்றினால் நெடுஞ்சுவர் மாலை வெயிலில் காயும். வெயிலுக்காக வீட்டைத் திருப்பினால் மலையை மிகுதியாக வெட்ட நேரும். இந்நிலையில் நிலத்துக்கே முதலிடம் தர வேண்டும். வெயிலைத் தடுக்க மேற்கில் அகன்ற தாழ்வாரமும் தடித்த சுவரும் நிழல்தரும் மரங்களும் அமைக்கலாம். வெட்டிய மலையை மீண்டும் ஒட்டும் வழி எதுவும் இல்லை. வடிவமைப்பு என்பது பல நன்மைகளுள் எதனை விட்டுக்கொடுக்கலாம், எதனை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று தேர்ந்தறியும் ஆற்றலே ஆகும்.

மண்ணும் கல்லும் செங்கல்லும்

சுவருக்குரிய பொருளைத் தேர்வதிலும் நிலமே வழிகாட்டுகிறது. மனையைத் தோண்டும்போது கிடைக்கும் கற்களை அடித்தளத்துக்கும் தாங்குசுவருக்கும் பயன்படுத்தலாம். விழுப்புரம் மாவட்டத்தில் 1968இல் தொடங்கப்பட்ட ஆரோவில், இதற்கொரு நல்ல சான்று. அது அமைந்த செம்மண் மேட்டுநிலம் அன்று மரங்களின்றி, மழைநீர் அரித்த பள்ளங்களோடு பாலை போலக் காட்சியளித்தது. அங்குக் குடியேறியோர் வரப்புகள் அமைத்து மழைநீரைத் தடுத்தனர். இலட்சக்கணக்கான மரங்களை வளர்த்தனர். அந்தச் செம்மண்ணையே மணலோடும், நூற்றுக்கு ஐந்து பங்கு அளவிலான சிமெண்டோடும் கலந்து, பொறியில் அழுத்திக் கற்களாக்கினர். சூளையில் சுடாத இக்கற்களுக்கு விறகு வேண்டுவதில்லை. ஆனால், இலைமக்கு நிறைந்த மேல்மண்ணை இதற்குப் பயன்படுத்தலாகாது. அது பயிருக்கும் மரத்துக்கும் உரியது. அதனைத் தனியே எடுத்துவைத்து, பணி முடிந்தபின் தோட்டத்தில் பரப்ப வேண்டும்.

செங்கல்லைப் பயன்படுத்தினாலும் சிக்கனத்துக்கு வழியுண்டு. செங்கற்களைக் கிடையாக வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் முறைக்கு எலிப்பொறிக் கட்டு என்று பெயர். பேக்கர் பரவலாக்கிய இம்முறையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குச் செங்கல் மிச்சமாகிறது. உள்ளிருக்கும் காற்று வெப்பத்தைத் தடுக்கிறது. கூரைத்தளத்திலும் இவ்வாறே செய்யலாம். தளம் வளையும்போது மேற்பகுதி அமுக்கத்தையும் கீழ்ப்பகுதி இழுவிசையையும் பெறுகிறது. அமுக்கத்தைக் கான்கிரீட் தாங்கும்; இழுவிசையைக் கம்பி தாங்கும். எனவே கீழ்ப்பகுதியில் கம்பிகளுக்கு இடையே உள்ள கான்கிரீட்டின் ஒரு பகுதிக்கு மாற்றாகப் பழைய ஓடுகளை வைக்கலாம். கூரையின் எடை குறைகிறது; அதனால் சரிவு தாங்கும் சுமையும் குறைகிறது.

இரு பாலைகள் கற்பிக்கும் பாடம்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பாலையில், மலையடிவாரச் சரிவில், 1937இல் ஃபிராங்க் லாயிட் ரைட் என்னும் கட்டடக்கலைஞர் தம் குளிர்கால இல்லத்தையும் பயிற்சிக்கூடத்தையும் எழுப்பத் தொடங்கினார். தாலியெசின் வெஸ்ட் எனப் பெயர்பெற்ற அக்கட்டடத்தின் சுவர்களுக்கு அப்பாலைக் கற்களையே மரச்சட்டங்களுக்குள் அடுக்கிச் சிமெண்டுக் கலவையால் பிணைத்தனர். தாலியெசின் என்னும் வேல்சு மொழிச் சொல்லுக்கு ‘ஒளிரும் நெற்றி’ என்பது பொருள். உச்சியை மூடாமல் மலையின் நெற்றிபோன்ற சரிவில் வீடு அமைய வேண்டும் என்னும் அவருடைய எண்ணத்தை அப்பெயர் காட்டுகிறது.

நம் நாட்டின் ஜெய்சால்மர் வேறொரு பாடத்தைக் கற்பிக்கிறது. தார்ப் பாலையில் திரிகூடம் என்னும் குன்றின்மேல் 1156இல் நிறுவப்பட்ட அக்கோட்டைக்குள் இன்றும் மக்கள் வாழ்கின்றனர். தடித்த மணற்கல் சுவர்களும், ஒன்றன் நிழல் மற்றொன்றின்மேல் விழுமாறு நெருங்கிய வீடுகளும், குறுகிய தெருக்களும் அங்கு வெப்பத்தைத் தணிக்கின்றன. நீரைக் குடத்தில் சுமந்துவந்த காலத்தில் பழைய வடிகால்கள் போதுமானவையாக இருந்தன. குழாய்நீர் வந்தபின் பயன்பாடு பெருகியது. வெளியேற வழியில்லாத கழிவுநீர் குன்றுக்குள் கசிந்து, மென்மையான அடிப்பாறையைத் தளர்த்தியது. எண்ணூறு ஆண்டுகள் நின்ற கோட்டையின் கொத்தளங்கள் சிலவும் மதிற்பகுதிகளும் சரிந்து விழுந்தன. நீரைக் கொண்டுவருவதற்கு முன்பே அது வெளியேறும் வழியை எண்ண வேண்டும் என்பதே இவ்வரலாறு தரும் படிப்பினை. குளியலறையும் குழாய்களும் புதிதாக நுழையும் நம் மலைக் கிராமங்களுக்கு இது முற்றிலும் பொருந்தும்.

ஒரு வீட்டின் வரைவு

இதுவரை கற்றவற்றைக்கொண்டு கல்வராயன் மலையின் தெற்கு நோக்கிய, ஐந்துக்கு ஒன்று சரிவுடைய ஒரு மனையில் வீடொன்றை மனத்தில் வரைந்து பார்ப்போம்.

மனையின் மேற்புறத்தில், வீட்டுக்குச் சற்று அப்பால், மலைநீரைத் தடுத்து இருபக்கமும் திருப்பும் வடிகால் முதலில் அமைகிறது. அது பக்கத்து மனைக்குள் விழாமல் இயற்கையான ஓடையைச் சென்றடைய வேண்டும். வீடு கிழக்கு மேற்காக நீண்டு, சமவுயரக் கோட்டின் வழியே கிடக்கிறது. மேல்தளத்தில் சமையலறையும் படுக்கையறைகளும், கீழ்த்தளத்தில் கூடமும் தாழ்வாரமும் அமைகின்றன. இரண்டையும் தலா 15 சென்டிமீட்டர் உயரமுள்ள நான்கு படிகள் இணைக்கின்றன. முதியோர் பயன்பாட்டுக்கென ஒரு படுக்கையறையும் குளியலறையும் கீழ்த்தளத்திலேயே, வாயிலிலிருந்து படியின்றிச் செல்லுமாறு அமைக்கப்படுகின்றன. அடித்தளம் படிப்படியாக இறங்கி, எல்லா இடங்களிலும் இறுகிய மண்ணிலேயே ஊன்றுகிறது. கீழ்ச்சுவரின் தாழ்ந்த சன்னல்வழி நுழையும் காற்று, மேல்தளத்தின் உயர்ந்த திறப்புவழி வெளியேறுகிறது. சரிவே இங்குக் காற்றோட்டத்துக்குத் துணையாகிறது.

72 சதுர மீட்டர்க் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 720 லிட்டர் நீர் விழும். அந்நீர் குழாய்வழி இறங்கி, பாறைமேல் அமைந்த ஒரு தொட்டியை அடைகிறது. நிரம்பி வழியும் நீர், தாங்குசுவரின் அருகே தேங்காதவாறு கல்பாவிய வாய்க்காலில் செல்கிறது. தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டடங்களுக்கு மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. ஆயினும் சமவெளியில் செய்வதுபோல வீட்டையொட்டிக் குழி தோண்டி நீரை இறக்குவது சரிவில் தீங்கு விளைக்கலாம். எனவே இங்குத் தொட்டியில் சேமிப்பதே முதன்மை பெறுகிறது. கழிவுநீர்த் தொட்டி, கிணற்றுக்கும் ஊற்றுக்கும் கீழே, போதிய தொலைவில் அமைகிறது. வெற்றுச் சரிவுகளில் வெட்டிவேரும் மரக்கன்றுகளும் நடப்படுகின்றன. வெட்டிவேரின் வேர்கள் ஆழமாக இறங்கி மண்ணைப் பிணைக்கும். கன்று நடுதல் பணி முடிந்தபின் செய்யும் அலங்காரம் அன்று; மண்வெட்டத் தொடங்கும் மழைக்காலத்துக்கு முன்பே செய்ய வேண்டிய காப்பு.

நிறைவாக

இத்தகைய வீட்டுக்கு வல்லுநரின் துணை தேவை. மண்ணின் தாங்குதிறனைப் பொறியாளர் ஆய்ந்தறிய வேண்டும். உரிய அலுவலகத்தின் ஒப்புதலும், மலையிடப் பாதுகாப்புக்கென அரசு அறிவித்த சிற்றூர்களில் அதற்குரிய இசைவும் பெற வேண்டும். இவற்றோடு, ஓடை எங்கே பெருகும், பாறை எங்கே உருண்டது என்பதைத் தலைமுறைகளாக அறிந்த மலைவாழ் மக்களின் பட்டறிவையும் கேட்டறிதல் வேண்டும். பொறியாளரின் கருவி இன்றைய மண்ணை அளக்கிறது. ஊர் முதியவரின் நினைவு ஐம்பது ஆண்டு மழையை அளந்து வைத்திருக்கிறது.

மலையில் வாழ்வோர்க்கு நல்ல வீடு வேண்டும். அவ்வீடு நிற்க நல்ல மலையும் வேண்டும். இரண்டும் ஒருங்கே கிடைக்கும் வழியைத் தேடுவதே வடிவமைப்பாளரின் கடமை. நாளை பொறியாளர்களாகவும் கட்டடக்கலைஞர்களாகவும் கொத்தனார்களாகவும், தமக்கென ஒரு வீடு கட்டும் குடும்பத்தலைவர்களாகவும் ஆகப்போகும் மாணவர்கள், முதற்கல்லை நடுவதற்கு முன் ஒரு மழைநாளில் அந்நிலத்தில் நின்று நீர் செல்லும் வழியைப் பார்க்க வேண்டும். குறிஞ்சி குறிஞ்சியாகவே நிலைப்பது அந்தப் பார்வையில் தொடங்குகிறது.

சொல்லும் பொருளும்

சமவுயரக் கோடு – ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் கோடு
தாங்குசுவர் – மண் சரியாமல் தடுக்க எழுப்பும் சுவர்
கொத்தளம் – கோட்டை மதிலில் முன்தள்ளி அமைந்த காவல் மேடை
படுகை – ஓர் ஆறும் அதன் துணையாறுகளும் நீர்பெறும் நிலப்பரப்பு
பட்டறிவு – அனுபவத்தால் பெறும் அறிவு

இலக்கணக் குறிப்பு

தாங்குசுவர் – வினைத்தொகை
கருங்கல் – பண்புத்தொகை
வெயிலும் காற்றும் – எண்ணும்மை

புணர்ச்சி விதி

கருங்கல் = கருமை + கல்
ஈறுபோதல் – கரு + கல்
இனமிகல் – கருங்கல்

கற்பவை கற்றபின்…

1. ஒளிபுகும் குழாயில் நீர் நிரப்பி, உங்கள் பள்ளி வளாகத்தில் சாய்வான ஓரிடத்தின் சரிவை அளந்து பதிவு செய்க.
2. உங்கள் பகுதியில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக வாழும் பெரியோர் ஒருவரிடம், பெருமழையின்போது நீர் சென்ற வழிகளைக் கேட்டறிந்து வரைபடமாக்குக.

மதிப்பீடு

பலவுள் தெரிக
1. 12 மீட்டர் நீளமுள்ள வீடு ஐந்துக்கு ஒன்று சரிவின் திசையில் அமைந்தால் நிலம் இறங்கும் அளவு
அ) 1.2 மீட்டர் ஆ) 2.4 மீட்டர் இ) 3.6 மீட்டர் ஈ) 6 மீட்டர்
2. பொருத்தமான இணையைத் தேர்க.
அ) லாரி பேக்கர் – தாலியெசின் வெஸ்ட் ஆ) திரிகூடக் குன்று – ஜெய்சால்மர் இ) ஆரோவில் – நாலாஞ்சிறை ஈ) கோமுகி – அரிசோனா

குறுவினா
1. பாலை குறித்துச் சிலப்பதிகாரம் காட்டும் கருத்து யாது?
2. தாங்குசுவரில் நீர்க்கசிவுத் துளைகள் விடுவது ஏன்?

சிறுவினா
1. வெட்டிய மண்ணிலும் கொட்டிய மண்ணிலும் ஒரே வீடு நின்றால் நேர்வதை விளக்குக.
2. ஜெய்சால்மர்க் கோட்டை உணர்த்தும் படிப்பினையை உங்கள் ஊருடன் பொருத்தி எழுதுக.

நெடுவினா
மேற்கு நோக்கிய சரிவில் வெயிலுக்கு முதலிடம் தருவதா, நிலத்துக்கு முதலிடம் தருவதா? பாடக்கருத்துகளைக்கொண்டு உங்கள் முடிவைக் காரணங்களுடன் நிறுவுக.